குஷன் ஷூவுக்கு ஆயுசு எத்தனை கிலோமீட்டர்?

ஓடுறவங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா, பேச்சு எங்கே ஆரம்பிச்சாலும் பத்து நிமிஷத்துல ஷூவுல வந்து நிக்கும். கல்யாண வீட்டுல தங்கம் விலை வந்து நிக்கிற மாதிரி. "என்ன ஷூ? எவ்ளோ ஆச்சு? மெத்துனு இருக்கா? எவ்வளவு நாள் வரும்?" இந்த நாலு கேள்வியைத் தாண்டி அஞ்சாவது கேள்வியே கிடையாது. முதல் ரெண்டுக்கும் பில்லைப் பார்த்தா பதில் கிடைச்சிடும். மத்த ரெண்டும்தான் வில்லங்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம். இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைவு, அதனால நீங்க மாட்டினீங்க :-)

எட்டு வருஷமா ஓடிட்டிருக்கேன். வேகமெல்லாம் பெருசா கிடையாது. பெசன்ட் நகர்ல ஆரம்பிச்சு, அடையாறு பாலம் தாண்டி, சாந்தோம் வழியா மெரினா கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்புறது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். ஒவ்வொரு ஜோடி ஷூவும் எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு, எங்கே கிழிஞ்சுது, எப்போ கால் வலிச்சுதுன்னு ஒரு பழைய டைரியில குறிச்சு வைப்பேன். இதுவரை பதினோரு ஜோடி. தங்கமணி அந்த டைரிக்கு வச்சிருக்கிற பேரு 'செருப்பு ஜாதகம்'. நக்கல் பண்ணாலும், இந்தப் பதிவுக்கு ஆதாரம் அந்த ஜாதகமும் எங்க ஞாயிற்றுக்கிழமை கோஷ்டியின் அனுபவமும்தான்.

முதல்ல இந்த 'மெத்து'ங்கிறது என்னன்னு பார்த்துடுவோம்.

ஓட்ட ஷூவை மூணு அடுக்கா பிரிக்கலாம். மேலே காலைப் பிடிச்சுக்கிற துணி. அடியில ரோட்டைத் தொடுற ரப்பர். நடுவுல இருக்கிற நுரைதான் குஷன். கடையில ஆயிரக்கணக்குல நாம குடுக்கிற காசுல பெரும் பேச்சு இந்த நுரையைப் பத்தித்தான். ரொம்ப காலமா இது எத்திலீன் வினைல் அசிட்டேட், சுருக்கமா ஈ.வி.ஏ. நடைபாதைக் கடையில தொங்குற லேசான பிளாஸ்டிக் செருப்பும் இதே குடும்பம்தான். உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டிக் குட்டிக் காற்றறைகள். கால் வச்சா அமுங்கும், எடுத்தா உப்பும். அவ்ளோதான் தொழில்நுட்பம்.

சரி, எத்தனை தடவை அமுங்கும்? சாதாரண வேகத்துல ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1100 அடி வைக்கிறோம். ஒரு காலுக்கு 550. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா ஒரு ஷூ ரெண்டே முக்கால் லட்சம் தடவை மிதி வாங்கியிருக்கும். ஓடும்போது ஒவ்வொரு மிதியிலும் நம்ம எடையைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு இறங்குது. எழுபது கிலோ ஆசாமின்னா சராசரியா ஒரு மூட்டை சிமெண்டை மூணு தடவை அடுக்கி வச்ச பாரம். பாவம் நுரை, அதுவும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும்!

இந்த நுரை இல்லாத காலத்துலயும் மனுஷன் ஓடத்தான் செஞ்சான். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானை வெறுங்காலோட ஓடி ஜெயிச்சது எல்லாருக்கும் தெரியும். அதே மனுஷன் 1964 டோக்கியோவுல ஷூ போட்டு, இன்னும் வேகமா ஓடி மறுபடி ஜெயிச்சதை வெறுங்கால் கட்சிக்காரங்க வசதியா மறந்துடுவாங்க. 1970-களின் நடுவுல ஈ.வி.ஏ. ஓட்ட ஷூவுக்குள்ள வந்துது. அப்புறம் நைக்கி காற்றுப்பை வச்சுது, ஏசிக்ஸ் ஜெல் வச்சுது.

2009-ல ஒரு வேடிக்கை. கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' புத்தகம் வந்து, பாதி உலகம் குஷனே வேண்டாம்னு கிளம்பிடுச்சு. அதே வருஷம் பிரான்ஸ்ல ரெண்டு பேர் ஹோக்காங்கிற கம்பெனியை ஆரம்பிச்சு, தலைகாணி கனத்துக்கு நுரை வச்ச ஷூ போட்டாங்க. வெறுங்கால் மாதிரி அஞ்சு விரல் ஷூ வித்த விப்ரம், உடல்நலப் பலன் பத்தின விளம்பரத்துக்காக அமெரிக்காவுல வழக்கைச் சந்திச்சு, தப்பை ஒப்புக்காமலே 2014-ல 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி சமாதானமாச்சு. தலைகாணி கட்சி ஜெயிச்சுது. நுரை எந்த அளவுக்கு ஏறிச்சுன்னா, 2020 ஜனவரியில உலகத் தடகள அமைப்பே தலையிட்டு, சாலைப் போட்டி ஷூவோட அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு விதி போட வேண்டியதாச்சு.

வரலாறு போதும், எங்க கோஷ்டிக்கு வருவோம்.

எங்க கோஷ்டியில ஒரு பேங்க் அண்ணன். வயசு ஐம்பத்தஞ்சு, எடை எண்பத்தி ரெண்டு. இருக்கிறதுலயே தடிமனான ஷூதான் வாங்குவார். "தம்பி, முழங்கால் என்னோடது, இ.எம்.ஐ. என்னோடது"ன்னு வசனம் வேற. அவருக்கு அது சொர்க்கம். பதினெட்டு கிலோமீட்டர் ஓடிட்டு வந்தும் மாடிப்படி ஏற முடியுதுங்கிறார். ஆனா அவர் ஷூ 400 கிலோமீட்டர் தாண்டினா ஒரு பக்கமா சரிஞ்சு, பைசா கோபுரம் மாதிரி நிக்கும்.

இன்னொருத்தர் டீச்சர் அக்கா. நாற்பத்தெட்டு கிலோ. அண்ணன் பேச்சைக் கேட்டு அதே தடிமன் ஷூவை வாங்கினவங்க மூணே வாரத்துல தங்கச்சிக்குக் குடுத்துட்டாங்க. "மெத்தை மேல ஓடுற மாதிரி இருக்குப்பா, கணுக்கால் ஆடுது. நம்ம நடைபாதைக் கல்லு ஆடுறது போதாதா?"ன்னாங்க. நியாயமான கேள்வி. அவங்க போடுறது கொஞ்சம் கெட்டியான, தட்டையான ஷூ. போன ஜோடி 1100 கிலோமீட்டர் ஓடிச்சு.

நான் ரெண்டுக்கும் நடுவுல. ஒரு தடவை ஊட்டியில ஓடினப்போ தெரிஞ்சுது இன்னொரு சங்கதி. சென்னையில மே மாசம் இட்லி மாதிரி இருக்கிற என் ஷூ, ஊட்டியில விடிகாலைக் குளிர்ல மரக்கட்டை மாதிரி இருந்துச்சு. அதே ஷூ, அதே கால்! நுரை குளிர்ல இறுகும், சூட்டுல இளகும். ஏசி போட்ட ஷோரூம்ல ரெண்டு அடி நடந்து பார்த்து 'மெத்துனு இருக்கு'ன்னு சொல்றதுக்கு என்ன மதிப்புன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஆராய்ச்சிக்காரங்க என்ன சொல்றாங்கன்னு தேடினா அங்கயும் பேங்க் அண்ணன், டீச்சர் அக்கா சண்டைதான். 2018-ல ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், தடிமன் குஷன் ஷூ போட்டு வேகமா ஓடும்போது, தரையில மோதுற அதிர்ச்சி சாதாரண ஷூவை விட அதிகமா இருக்குறதைப் பார்த்தாங்க. அடியில மெத்துனு இருந்தா கால் தன்னைத்தானே விறைப்பாக்கிக்குதாம். இதுக்கு நேர் எதிரா 2020-ல லக்ஸம்பர்க்ல இருந்து ஒரு ஆய்வு. 848 ஓட்டக்காரங்களுக்கு, வெளியில பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ஷூவை, பாதிப் பேருக்கு மென்மையாவும் பாதிப் பேருக்குக் கெட்டியாவும் குடுத்து ஆறு மாசம் கவனிச்சாங்க. கெட்டி ஷூ போட்டவங்களுக்குத்தான் காயம் அதிகம். அதுலயும் ஆச்சரியம், மென்மையால பலன் கிடைச்சது எடை குறைஞ்சவங்களுக்கு. கனமானவங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை. பேங்க் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். "ஆய்வுல என்னைச் சேர்த்தாங்களா?"ன்னு கேட்டார். அவ்வ்வ்...

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்துல பல காலமா ஓட்டத்தை ஆராய்ஞ்ச பென்னோ நிக் சொல்றது எனக்குப் பிடிச்சிருக்கு. சொகுசுங்கிறதையே ஒரு வடிகட்டியா வச்சுக்கோங்க, உங்க உடம்புக்கு எது இயல்பா இருக்கோ அதுதான் உங்களுக்கான ஷூங்கிறார். அக்காவும் அண்ணனும் அதைத்தான் பண்ணியிருக்காங்க, யாரையும் படிக்காமலே.

இதுவரைக்கும் சொகுசு. இனிமேதான் ஆயுசு.

1985-ல அமெரிக்காவுல குக், கெஸ்டர், புரூனேன்னு மூணு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. பலவகை ஷூக்களை மெஷின்ல வச்சு மிதிக்க விட்டு, அதிர்ச்சி தாங்குற சக்தி எவ்வளவு மிஞ்சுதுன்னு அளந்தாங்க. சுமார் 80 கிலோமீட்டர்லயே 75 சதவீதம்தான் மிச்சம். 160-லேருந்து 240 கிலோமீட்டருக்குள்ள 67. நானூறைத் தாண்டி எண்ணூறுக்குள்ள 60-க்கும் கீழே. நிஜ மனுஷங்க போட்டு ஓடினப்போ சேதம் கொஞ்சம் குறைவு, 800 கிலோமீட்டர்ல 70 சதவீதம் மிச்சம் இருந்துது. நாற்பது வருஷத்துக்கு முந்தின ஷூக்கள்தான். நுரையெல்லாம் இப்போ எவ்வளவோ மாறியாச்சு. ஆனா அந்த எண்கள்ல ஒரு பாடம் இருக்கு. பெரிய இறக்கம் ஆரம்பத்துலயே நடந்துடுது. ஷூ பார்க்க புத்தம் புதுசா இருக்கும்போதே!

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப கோஷ்டியில சொல்றது. ஷூ சாகுறது கண்ணுக்குத் தெரியாது. மேல்துணி கிழிஞ்சா தெரியும், அடி ரப்பர் தேஞ்சா தெரியும். நடுவுல நுரை செத்தா வெளியில ஒரு அறிகுறியும் இருக்காது. சொல்லப்போனா மேலயும் கீழயும் ஆகுற சேதத்துக்கும் நுரைக்கும் சம்பந்தமே இல்லாமப் போகலாம். என் நாலாவது ஜோடிக்கு 180 கிலோமீட்டர்ல அடி ரப்பர் நாக்கு தொங்குற மாதிரி பிரிஞ்சு வந்துடுச்சு. நுரை அப்போதான் பதமா இருந்துது. கம்பெனி பேரு வேண்டாம். கடைக்காரர் பார்த்துட்டு "நீங்க ரொம்ப ஓடியிருக்கீங்க சார்"ன்னார். ஓடுற ஷூவை வாங்கி ஓடாம வேற என்ன பண்றதாம்? கடைசியில பாரிமுனையில செருப்புத் தைக்கிறவர் எண்பது ரூபாய்க்கு ஒட்டி, ஓரமா நாலு தையலும் போட்டுக் குடுத்தார். அது இன்னும் 400 கிலோமீட்டர் ஓடிச்சு.

கைவேலைன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கிக்காக ஷூ தயாரிக்குது. அங்கே வேலை பார்க்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க சுத்துவட்டாரக் கிராமத்துப் பெண்கள். வெளிநாட்டுப் பேரைப் பார்த்துட்டு நாம வாயைப் பிளக்கிற ஷூவுல வந்தவாசிப் பக்கத்துப் பொண்ணோட கைவேலையும் இருக்கலாம்.

இனி நான் இந்தப் பதிவை எழுத உண்மையான காரணம்.

எங்க கோஷ்டியோட சில மாசமா ஒரு பையன் ஓடினான். திண்டிவனம் பக்கம், திருவான்மியூர்ல தங்கி வீடு வீடா மளிகை டெலிவரி பண்றான். காவலர் தேர்வுக்குத் தயாராகிட்டிருந்தான். 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள்ள ஓடி முடிக்கணும். அதுல தேறாட்டி கயிறு ஏறுறது, தாண்டுறதெல்லாம் பேச்சே கிடையாது. போன தடவை ஓட்டத்துல பத்து செகண்ட்ல போச்சுன்னு சொன்னான். வயசு வரம்பு நெருங்குது, வீட்டுல அம்மா மட்டும்தான். கால்ல கேன்வாஸ் ஷூ, அடியில அட்டை கனம்.

அதைப் பார்த்துட்டுப் பேங்க் அண்ணனுக்கு மனசு கேக்கலை. அவரோட ஷூ ஒண்ணு பார்க்க ஜம்முனு இருந்துது. துவைச்சு, லேஸ் மாத்தி, டப்பாவுல போட்டுக் குடுத்தார். பையன் முகத்தைப் பார்க்கணுமே, தீபாவளிதான். அன்னைக்கே பத்து கிலோமீட்டர் ஓடினான். ரெண்டே வாரத்துல தூரத்தை இரட்டிப்பாக்கினான். மூணாவது வாரம் நொண்டிக்கிட்டு வந்தான். முழங்காலுக்குக் கீழ, முன்பக்க எலும்பு ஓரமா தொட்டாலே துடிக்கிற வலி. தேர்வுக்கு இன்னும் ஏழு வாரம்.

டீச்சர் அக்காவோட தம்பி பிசியோதெரபிஸ்ட். கூட்டிட்டுப் போனோம். அழுத்திப் பார்த்துட்டு, எலும்பு முறிவு மாதிரி தெரியலை, ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்தான்னார். தூரத்தைத் திடீர்னு ஏத்தினது ஒரு காரணம், ஷூவை மட்டும் குத்தம் சொல்ல முடியாதுன்னும் சொன்னார். அப்புறம் ஷூவை வாங்கி மேஜை மேல வச்சு, பின்பக்கமா குனிஞ்சு பாருங்கன்னார். வெளிப்பக்கமா சரிஞ்சு நின்னுது. பக்கவாட்டு நுரையில நெத்திச் சுருக்கம் மாதிரி வரி வரியா கோடு. எண்பத்தி ரெண்டு கிலோ மனுஷன் எழுநூறு கிலோமீட்டர் மிதிச்சது. நுரை அந்த மனுஷனோட நடைக்கு அச்சாகி, அமுங்கி, கெட்டியாகிக் கிடக்கு. அதுக்குள்ள ஐம்பத்தாறு கிலோ பையன் தன் காலைத் திணிச்சிருக்கான்.

பேங்க் அண்ணன் அன்னைக்கு பேசவே இல்லை. அவர் குடுத்தது நல்ல மனசோட. பார்க்க நல்லாத்தான் இருந்துது, அதுதான் பிரச்சனையே. பையன்தான் அவரைத் தேத்தினான். "விடுங்க சார், வெறுங்காலோட ஓடி வளர்ந்தவன்தானே, சரியாயிடும்"னு.

ரெண்டு வாரம் ஓட்டமே கிடையாது, சைக்கிள் மட்டும். அண்ணன் தன் செலவுல புது ஷூ வாங்கித் தர்றேன்னு பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ முன்னாடி போய் நின்னார். அக்கா தடுத்துட்டாங்க. கடையில நாலு ஜோடி போட வச்சு, வாசல்ல தெருவுல ஓட விட்டு, அவன் எதைப் போட்டதும் ஷூவைப் பத்திப் பேசாம ஓட்டத்தைப் பத்திப் பேசினானோ அதையே வாங்கினாங்க. மூவாயிரத்துச் சொச்சம். நடுத்தர குஷன், போன வருஷத்து மாடல், அதனால தள்ளுபடி. தேர்வன்னைக்கு 6 நிமிஷம் 22 செகண்ட்ல முடிச்சான். கயிறும் ஏறிட்டான். இறுதிப் பட்டியலுக்காகக் காத்திருக்கான். தினமும் ராத்திரி என்கிட்ட "அண்ணா, லிஸ்ட் வந்துச்சா?"ன்னு கேக்குறான், என்னமோ நான்தான் போடுற மாதிரி.

இதுக்கப்புறம் எங்க கோஷ்டியில சில வழக்கங்கள் வந்துடுச்சு. உங்களுக்கும் உதவலாம்.

ஷூ வாங்கின தேதியை நாக்குக்கு அடியில பேனாவால எழுதிடணும். கிலோமீட்டர் கணக்கு எழுதணும். பொதுவா கம்பெனிக்காரங்க 500-லேருந்து 800 கிலோமீட்டர்னு சொல்றாங்க. அது நம்ம எடை, நடை, ரோட்டைப் பொறுத்து முன்னப் பின்ன ஆகும். நானூறு தாண்டினதும் கண்காணிப்புல வச்சுக்கிறோம். மேஜை மேல வச்சுப் பார்க்கிறது, பக்கவாட்டுச் சுருக்கத்தைப் பார்க்கிறது. எல்லாத்தையும் விட நல்ல சோதனை, ஒரு கால்ல பழசு, ஒரு கால்ல புதுசு போட்டுத் தெருமுனை வரைக்கும் போய்ட்டு வர்றது. பார்க்கிறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். வித்தியாசம் அந்த ஐம்பது அடியில தெரிஞ்சுடும். காரணமில்லாம புதுசா ஒரு வலி வந்தா, மாத்திரைக்கு முன்னாடி டைரியைப் புரட்டுறோம்.

வசதி இருந்தா ரெண்டு ஜோடி, மாத்தி மாத்தி. 264 பேரை 22 வாரம் கவனிச்ச லக்ஸம்பர்க் ஆய்வு ஒண்ணுல, ஒண்ணுக்கு மேற்பட்ட ஷூக்களை மாத்தி மாத்திப் போட்டவங்களுக்குக் காயமாகிற வாய்ப்பு 39 சதவீதம் குறைவா இருந்துது. நம்ம ஊருக்கு இதுல கூடுதல் லாபம் உண்டு. சென்னைப் புழுக்கத்துல பத்து கிலோமீட்டர் ஓடினா ஷூவைப் பிழிஞ்சு ஒரு டம்ளர் எடுக்கலாம். மறுநாள் காலைக்குள்ள காயாது. உள் அட்டையை உருவி, பழைய பேப்பரைச் சுருட்டித் திணிச்சு, ஃபேனுக்கு அடியில வச்சுடுங்க. மொட்டை மாடி வெயில் வேண்டவே வேண்டாம், பசை இளகும். வெயில்ல நிக்கிற கார் டிக்கியும் அப்படித்தான். வாஷிங் மெஷினும் வேண்டாம். 'நல்ல ஷூ, அப்புறம் போட்டுக்கலாம்'னு பரண்ல போட்டும் வைக்காதீங்க. பாலியூரிதேன் வகை நுரையா இருந்தா காத்துல இருக்கிற ஈரமே அதைப் பிரிச்சுடும். ஓடாமலே மாவாக் கொட்டும்.

கடைசியா ஒண்ணு. ஓட லாயக்கில்லாத ஷூவை யாருக்காவது குடுக்கிறதா இருந்தா, நடக்க, கடைக்குப் போக, வேலைக்குப் போகன்னு சொல்லிக் குடுங்க. எத்தனை கிலோமீட்டர்னு ஒரு சீட்டு எழுதி உள்ள போடுங்க. ஓடுற பையனுக்குக் குடுக்கணும்னு தோணிச்சுன்னா, விலை கம்மியானாலும் புதுசா வாங்கிக் குடுங்க. பேங்க் அண்ணன் இப்போ தன் பழைய ஷூவெல்லாம் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறப்ப போட்டுக்கிறார். அவர் வீட்டுத் தோட்டத்துல நடக்கிற மாதிரி சொகுசு வேற எங்கயும் இல்லையாம்.

உங்க ஷூ எத்தனை கிலோமீட்டர் வந்துச்சு, எங்கே முதல்ல போச்சு, எந்த வலி சொல்லிக் குடுத்துச்சுன்னு நீங்களும் சொல்லுங்க மக்கா. டைரியில இன்னும் பக்கம் காலியா இருக்கு.

டிஸ்கி: மேலே இருக்கிறது எல்லாம் ஓடிக் கத்துக்கிட்டது, வைத்தியம் கிடையாது. எலும்பு மேல ஒரே இடத்துல வலி நின்னா, ஷூ கடைக்குப் போகாம டாக்டர்கிட்ட போங்க.